ஊரணிக்கரையில் ஒலிக்கலை: எங்கிருந்து தொடங்குவது

இயற்கை ஒலிகளைப் பதிந்து, தொகுத்து, கேட்பதற்கான படைப்பாக்கும் ஒலிக்கலையைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்த மைக் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். மைக் அப்புறம். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை என்று நீங்கள் எங்கே இருந்தாலும் சரி, விடிவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே பக்கத்து ஊரணிக்குப் போய், போனைத் தொடாமல் படித்துறையில் உட்காருங்கள். கரிச்சான் இருட்டிலேயே ஆரம்பித்துவிடும், பிறகு செம்போத்து, மயில், மைனா என்று ஒவ்வொன்றாகச் சேரும், நடுவில் கோயில் ஒலிபெருக்கியும் முதல் பஸ்ஸும் நுழையும்.

கேட்பதை நோட்டில் மூன்று பத்தியாக எழுதுங்கள்: உயிர்களின் ஒலி, காற்று மழை போன்றவற்றின் ஒலி, மனிதர் ஒலி. அமெரிக்க ஒலிப்பதிவாளர் பெர்னி கிராஸ் பிரபலப்படுத்திய பிரிவு இது. சில நாள் எழுதினாலே எந்த நேரத்தில் எது மேலோங்கும் என்று பிடிபட்டுவிடும், பதிவு எப்போது என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

இப்போது போன். பேச்சுக்காகச் செய்த ரெக்கார்டர் செயலிகள் மெல்லிய ஒலியை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடக்கூடும், அதனால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதிவு செய்கிற, இரைச்சல் குறைப்பை அணைக்க முடிகிற செயலியைத் தேடுங்கள். மாதிரி வீதம் (sample rate) என்ற இடத்தில் 48 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் போதும். பிளைட் மோடில் போட்டு, போனைச் சுருட்டிய துண்டின் மேல் வைத்துவிட்டு நீங்கள் தள்ளிப் போய்விடுங்கள், இல்லையென்றால் உங்கள் மூச்சும் சட்டை உரசலும்தான் பதிவாகும்.

தண்ணீருக்குள் கேட்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ தகடு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் மலிவாகக் கிடைக்கும், அதில் ஒயர் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி முழுவதும் எபாக்ஸி பசை பூசி, காய்ந்ததும் ஒயரின் மறுமுனையை ரெக்கார்டரின் மைக் துளையில் செருகி, தகட்டை மெதுவாகத் தண்ணீரில் இறக்குங்கள். நீர்ப்பூச்சிகளின் கறகறப்பும், வெயில் ஏறியதும் பாசியிலிருந்து கிளம்பும் ஆக்சிஜன் குமிழிகளின் டிக் டிக்கும் கேட்கலாம். ஆனால் குடிதண்ணீர் ஊரணி என்றால் ஊராரைக் கேட்காமல் எதையும் இறக்காதீர்கள்.

மழை பிடித்துக்கொண்டால் முற்றம் வைத்த பழைய வீடு ஒன்றுக்குள் போய்விடுங்கள். நாலு பக்க ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். எல்லோரும் கொட்டும் நேரத்தைத்தான் பதிகிறார்கள், எனக்கோ மழை விட்டபின் சொட்டும் அரை மணி நேரம்தான் முக்கியம், ஒவ்வொரு சொட்டுக்கும் தனிச் சுருதி இருக்கும். மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாயில் அதே பீசோவை ஒட்டிப் பாருங்கள், வீடே வேறு மாதிரி ஒலிக்கும்.

குளிர்காலத்தில் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்கும் போகலாம். 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக்கூடாது என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை, அப்படிப்பட்ட இடத்தில் பறவைக் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

தொகுக்க ஆடாசிட்டி என்ற கணினி மென்பொருள் போதும், இலவசம். புல்லாங்குழல் பின்னணி சேர்க்காதீர்கள், பஸ் சத்தத்தை முழுக்க வெட்டாதீர்கள், அதுவும் அந்த ஊரணியின் காலைதான். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வெட்டாமல் அப்படியே விட்டு, அதன் மேல் தண்ணீருக்கடி ஒலியை மெல்ல ஏற்றி இறக்குவதிலிருந்து தொடங்குங்கள். மூலக் கோப்பைத் தொடாமல் தனியாக வைத்து, பெயரிலேயே ஊரணி, தேதி, நேரம், தண்ணீர் எத்தனை படி வரை நின்றது என்பதையும் எழுதிவிடுங்கள்.