தரிசைத் திருத்தித் தோட்டமாக்க: குடிலுக்கு அவசரம் வேண்டாம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பத்து வருசம் தரிசாகக் கிடந்த நிலமென்றால் மேலே சீமைக்கருவேலம், கீழே சரளை, அதற்கும் கீழே செம்பூராங்கல் என்னும் செம்பாறை. தோட்டத்தோடு தங்கும் விடுதி நடத்த இப்படி நிலம் வாங்கியதும் பலர் முதலில் விருந்தினர் குடிலைக் கட்டிவிடுகிறார்கள். கல் ஏற்றிய லாரி நாலு நடை போனாலே மண் இறுகிவிடும். தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்பதும் தெரிந்திருக்காது. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டுக் கட்டடத்துக்கு நூல் பிடியுங்கள்.

சித்திரையில் கருவேலத்தை எடுக்கலாம். தரையோடு அறுத்தால் தூரிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். சுற்றித் தோண்டி, ஓரடிக்குக் கீழே வேரை வெட்டுங்கள். ஜேசிபியால் பிடுங்குவதென்றால் கூடவே நில்லுங்கள். நிலம் 'சுத்தமாக'த் தெரியவேண்டுமென்று மேல்மண்ணையும் வழித்து ஓரத்தில் குவித்துவிடுவார்கள். விறகைக் கரிமூட்டம் போட்டுக் கரியாக விற்றால் வெட்டுக்கூலியில் ஒரு பங்கு தேறும். மிஞ்சும் கரித்தூளை விற்காதீர்கள். கோமியத்தில் ஊறவைத்தால் மரக்குழிக்கு ஆகும். மண்ணில் கிடக்கும் விதை வருசக்கணக்கில் முளைக்கும், அதனால் மழைக்கு மழை கன்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும். காயைத் தின்ற ஆடு புழுக்கையோடு மறுபடி விதைத்துவிடும். ஆடு நுழையாமல் வேலிக்குக் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நட்டு, அது வேர்பிடிக்கும்வரை முள்ளடைத்து வையுங்கள்.

ஒரு ஏக்கரில் 10 மி.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டர். டியூப் லெவல் (தண்ணி நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து, ஒரே மட்டமான கோட்டை ஒட்டி ஒன்றரை அடி உயர வரப்பு போடுங்கள். தாழ்ந்த மூலையில் மேல்வாய் 20 மீட்டருக்கு 15, ஆழம் 2 மீட்டர், ஒன்றுக்கு ஒன்று சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒரு மீட்டர் உள்வாங்கி) என்று குட்டை வெட்டினால் சுமார் 4.7 லட்சம் லிட்டர் பிடிக்கும். சரளையில் தண்ணி நிற்காது. கண்மாய்க் களிமண்ணை (அனுமதி வாங்கித்தான்) அரையடிக்கு ஈரத்தோடு மிதித்து இறுக்கவேண்டும். கல் அடுக்கி, மிஞ்சும் தண்ணி வழிய ஒரு கலுங்கும் வையுங்கள். அது இல்லாவிட்டால் முதல் பெருமழையில் கரை உடையும்.

ஆடி மழைக்கு உழுது, ஏக்கருக்கு 20 கிலோவுக்குக் குறையாமல் பலதானியம் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுங்கள். சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு, தட்டைப்பயறு, சோளம், கம்பு, எள் எல்லாம் கலந்திருக்கட்டும். முற்றவிட்டால் தண்டு மக்காது.

நடுவதற்கு முன் ஒரு சோதனை. மரம் வைக்க நினைக்கும் இடத்திலெல்லாம் மூன்றடிக் குழி எடுத்து, சாயங்காலம் ஐந்து குடம் தண்ணி ஊற்றுங்கள். காலையில் குழி வறண்டிருந்தால் மா, முந்திரி, சீதா வைக்கலாம். தண்ணி அப்படியே நின்றால் அடியில் பாறை இருக்கலாம். கடப்பாரை போட்டு ‘ணங்’கென்று கேட்டால் அங்கே முந்திரி வைக்காதீர்கள், வேர் அழுகிவிடும். வரப்போரத்தில் பத்தடிக்கு ஒரு பனங்கொட்டை போதும்.

மரத்துக்கு ஆகாத அந்தப் பாறைத் திட்டுதான் குடிலுக்கு இடம். அஸ்திவாரத்துக்குத் தோதானது, நல்ல மண்ணும் வீணாகாது. ஆனால் கழிப்பறைக் கழிவு அங்கே உறிஞ்சாது. உறிஞ்சுகுழியை, குழிச் சோதனையில் தண்ணி வடிந்த பக்கத்தில், கிணற்றிலிருந்து 50 அடிக்காவது தள்ளி வெட்டுங்கள். விவசாய நிலத்தில் தங்கும் விடுதி என்பதால் கட்டட அனுமதியை முன்னாடியே பாருங்கள்.

நாட்டு ஓட்டுக் கூரைக்கு வைரம் பாய்ந்த பனங்கை (பனைமரச் சட்டம்) போடுங்கள். இளம்பனையைக் கரையான் விடாது. தரைக்கு ஆத்தங்குடிக் கல். அது சூளையில் சுட்டதல்ல, தண்ணியில் ஊறி இறுகிய சிமென்ட். கறை போக்க ஆசிட் ஊற்றினால் வண்ணம் போய்விடும். தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும்.

ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணி வைத்தால், இரண்டு குடிலில் நாலு பேருக்கு 540 லிட்டர். குளியல் தண்ணியைச் சரளை போட்ட கல்வாழைப் பாத்தி வழியாக வாழைக்கு விடுங்கள். பாத்தி நாறினால் சரளையில் சோப்புப் படிவு அடைத்திருக்கும். மேலாக ஓரடிச் சரளையை அள்ளிக் கழுவிப் போட்டால் சரியாகும்.