முதல் குழு சர்க்யூட் வகுப்பு: டைமரைக் கடைசியில் தொடுங்கள்

தபாட்டா, ஹிட் (HIIT), சர்க்யூட், பூட்கேம்ப் என்று உடற்பயிற்சி வகுப்புக்கு எந்தப் பெயர் வைத்தாலும் உள்ளே நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்ச நேரம் மூச்சு வாங்க உழைப்பு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி உழைப்பு. புதிதாக நடத்த வருபவர்கள் முதல் வேலையாக டைமர் ஆப்பைத் திறந்து 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு என்று வைத்துவிடுகிறார்கள். வகுப்பு குழம்புவது அங்கேதான்.

அந்தக் கணக்கு ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா குழுவினர் 1996-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. உடற்கல்வி மாணவர்கள் நிலையான சைக்கிளில் 20 விநாடி மிகக் கடுமையாக மிதித்து, 10 விநாடி நிறுத்தி, ஏழெட்டு முறை செய்தார்கள். மிதிவேகம் நிமிடத்துக்கு 85 சுற்றுக்குக் கீழே இறங்கினால் அதோடு நிறுத்தம். கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் பத்து விநாடியில் யாரும் சீட்டை விட்டு இறங்கவில்லை. உங்கள் வகுப்பில் அதே பத்து விநாடிக்குள் ஒருவர் தரையிலிருந்து எழுந்து, அடுத்த இடத்துக்கு நடந்து, என்ன செய்வது என்று புரிந்துகொண்டு, நிலைக்கு வர வேண்டும். நடக்காது.

இடமும் ஆளும்

ஆறு ஸ்டேஷன் (பயிற்சிக்கு ஒரு இடம், ஆட்கள் ஒவ்வொன்றாக மாறிப் போவார்கள்), ஒன்றுக்கு இரண்டு பேர், மொத்தம் 12 பேர். ஒவ்வொருவருக்கும் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் விடுங்கள். ஸ்டேஷன் எண்ணைப் பெரிதாக எழுதிக் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். தரையில் வைத்த தாளை மூன்றாவது நிமிடத்தில் யாராவது மிதித்து வழுக்குவார்கள்.

வரிசைதான் எல்லாம்

1. நாற்காலி ஸ்குவாட் (நாற்காலியில் உட்கார்ந்து எழுதல்)
2. சுவர் அல்லது மேசை விளிம்பில் புஷ்-அப்
3. நின்ற இடத்தில் முழங்காலை உயர்த்தி நடை
4. எலாஸ்டிக் பேண்டை (இழுத்தால் நீளும் பட்டை) கட்டி இழுத்தல்
5. மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல்
6. முழங்கால் ஊன்றிய பிளாங்க் (உள்ளங்கையும் முழங்காலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடித்தல்)

தரையில் செய்பவை இரண்டும் அடுத்தடுத்து இருப்பது வேண்டுமென்றே. ஒருமுறை இறங்கினால் இரண்டையும் முடித்துவிட்டு எழலாம். நின்று, படுத்து, நின்று, படுத்து என்று மாற்றிப் போட்டால் ஆட்கள் திரும்பத் திரும்ப எழ வேண்டியிருக்கும். படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழும்போது ரத்த அழுத்தம் ஒரு கணம் இறங்கித் தலை சுற்றும். ‘ஸ்டாமினா இல்லை’ என்று பாதியில் உட்காருகிறவர்களில் சிலருக்குக் காரணம் இதுதான். எழும் முறையையும் சொல்லிக்கொடுங்கள்: பக்கவாட்டில் திரும்பி, கை ஊன்றி, ஒரு முழங்கால், பிறகு மறு பாதம்.

புஷ்-அப்பையும் பிளாங்க்கையும் தள்ளி வைத்ததற்குக் காரணம் மணிக்கட்டு. இரண்டும் ஒட்டி வந்தால் வயிறு களைப்பதற்கு முன் மணிக்கட்டு வலிக்கும்.

பேண்ட் எதற்கு என்று கேட்பார்கள். கருவியே இல்லாத சர்க்யூட்டில் தள்ளும் பயிற்சி நிறைய, இழுக்கும் பயிற்சி பூஜ்யம். தோளுக்கும் முதுகுக்கும் அது நியாயமில்லை. டம்பெல் பிறகு வாங்கலாம், இரண்டு பேண்ட் முதலில் வாங்குங்கள். ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், பொடி வெடிப்பு தெரிந்தால் குப்பைக்குத்தான். கட்டுவது அசையாத தூணில். கதவுக் கைப்பிடி வேண்டாம், கழன்று வந்தால் நேராக முகத்தில் அடிக்கும்.

இப்போது டைமர்

முதல் மூன்று நான்கு வகுப்புக்கு 30 விநாடி வேலை, 30 விநாடி மாற்றம். நடக்கப் பத்து, நிலைக்கு வரப் பத்து, மூச்சு விடப் பத்து. பழகிய பிறகு 40-20 ஆக்குங்கள். இரண்டிலுமே ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு நிமிடம் என்பதால் மொத்தக் கணக்கு மாறாது: ரவுண்டுக்கு 6 நிமிடம், மூன்று ரவுண்டு, நடுவே இரண்டு முறை 2 நிமிட ஓய்வு, ஆக 22 நிமிடம். முன்னால் வார்ம்-அப் 8, பின்னால் கூல்-டவுன் 5. மொத்தம் 35.

ஆப் எதுவானாலும் முடிவுக்கு 3 விநாடி முன்பே எச்சரிக்கை ஒலி தர வேண்டும். ஃபோனை ஃபிளைட் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஒரு அழைப்பு வந்தாலே வகுப்பு நின்றுவிடும். சில ப்ளூடூத் ஸ்பீக்கர்கள் கொஞ்ச நேரம் சத்தம் வராவிட்டால் தூங்கிவிடும். சின்ன ‘பீப்’ ஒலியின் தொடக்கம் அதில் தொலைந்துபோகும். மெல்லிய இசையைத் தொடர்ந்து ஓடவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. வயர் போட்ட ஸ்பீக்கர் இருந்தால் அதுவே மேல்.

பாட்டின் தாளத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டெப், ஏரோபிக்ஸ் வகுப்புகளில் பாட்டை 32 தாள அடிகளாக எண்ணி அசைவது முக்கியம். சர்க்யூட்டில் ஒவ்வொருவரும் அவரவர் வேகத்தில் செய்கிறார்கள். உங்கள் குரல் கேட்கிற அளவுக்குச் சத்தம் இருந்தால் போதும்.

காட்டிக்கொடுப்பது

தனியாக விளக்கவுரை வேண்டாம். வார்ம்-அப்பில் ஆறு பயிற்சிகளையும் தலா ஒரு நிமிடம் மெதுவாகச் செய்யவைத்தால் உடம்பும் சூடாகும், பாடமும் முடிந்துவிடும். அவர்களைப் பார்த்து நிற்கும்போது ‘வலது கால்’ என்று வாயால் சொல்லி, உங்கள் இடது காலைத் தூக்குங்கள். கண்ணாடி போல. மாற்றிச் செய்தால் பாதிப் பேர் ஒரு பக்கம், பாதிப் பேர் மறுபக்கம்.

எவ்வளவு கடுமை

பத்துக்கு ஆறு. அதாவது, நடுவே பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட வரக்கூடாது. இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். நெஞ்சு வலி வந்தால் அப்போதே நிறுத்தி உடனே மருத்துவ உதவி. பழகாத உடம்பை முதல் நாளே பிழிந்தால் தசை சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கலாம். அடுத்த ஓரிரு நாளில் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் கூடாது, உடனே மருத்துவமனை.

மூன்றாவது ரவுண்டு முடிந்ததும் யாரையும் உட்காரவிடாதீர்கள். இரண்டு நிமிடம் நடக்கட்டும். கால் தசை அசைந்தால்தான் அங்கே தேங்கும் ரத்தம் மேலே ஏறும்.

பின்சேர்க்கை: ‘13 பேர் வந்தால்?’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஸ்டேஷனில் மூன்று பேரைத் திணித்தால் அந்த மூவரும் சேர்ந்தே சுற்றுவார்கள், பேண்ட் இருக்கும் இடத்தில் ஒருவர் கை கட்டி நிற்பார். அதற்குப் பதில் ஏழாவதாக ‘தண்ணீர் குடித்து நட’ என்று ஒரு ஸ்டேஷன் சேருங்கள். ஆறாவதுக்குப் பிறகு அதை வைத்தால் தரையிலிருந்து எழுந்தவர்களுக்கும் அது இளைப்பாறும் இடம். ரவுண்டு 7 நிமிடமாகும், சர்க்யூட் மொத்தம் 25.