தீவு எங்களுடையது என்று ஒருவர் வரலாறு சொன்னால்

நிலாவெளிக் கரையில் வலை திருத்தும் இடத்தில் கச்சதீவுப் பேச்சு வந்துவிட்டால், நெடுந்தீவுப் பக்கமிருந்து வந்து குடியேறிய யாராவது ஒருவர் "எங்கட அப்பப்பா அங்க வாடி போட்டுத் தொழில் செய்தவர்" என்பார் (வாடி என்றால் மீனவர் தங்கித் தொழில் செய்யப் போடும் குடிசை). இராமேஸ்வரத்திலும் இதையேதான் சொல்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அப்படியென்றால் தீவு யாருக்கு? இப்படியான கதைகளை எப்படி எடைபோடுவது என்று சொல்கிறேன்.

முதலில், அங்கே போனது மீனவரா அரசா என்று கேளுங்கள். லிகிடான், சிபடான் தீவுகளுக்காக மலேசியாவோடு நடந்த வழக்கில் இந்தோனேசியா தன் மீனவர்கள் காலங்காலமாக அங்கே தொழில் செய்ததைக் காட்டியது. சர்வதேச நீதிமன்றம் 2002இல் அதை ஏற்கவில்லை. தனியாட்கள் தாமாகச் செய்தது கணக்கில் வராது, அரசின் சட்டத்தின் கீழ் நடந்திருக்க வேண்டும் என்றது. மலேசியாவின் கையில் இருந்தது ஆமை முட்டை எடுப்பதைக் கட்டுப்படுத்த 1917இல் போட்ட சட்டம், முட்டைத் தகராறைத் தீர்த்து வைத்த பதிவு, 1962லும் 1963லும் கட்டிய வெளிச்சவீடுகள். அவ்வளவுதான், தீவுகள் அவர்களுக்கு. நம் கரைவலைப் பாடும் (கரையில் நின்று வலை இழுக்கும் இடம்) இதே மாதிரித்தான்: பாட்டன் இழுத்த பாடு என்று எவ்வளவு சத்தம் போட்டாலும், கடைசியில் அனுமதி யார் பெயரில் என்றுதான் கேட்பார்கள்.

"முதலில் கண்டது நாங்கள்", "எங்கள் கொடி பறந்தது" என்பவர்களிடம் அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். திருகோணமலையையே பாருங்கள்: 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர், பிறகு ஒப்பந்தப்படி ஒல்லாந்தர், 1795இல் திரும்பவும் ஆங்கிலேயர். இதில் எந்தக் கொடியை வைத்து உரிமை பேசுவது? 1928இல் பால்மாஸ் தீவு வழக்கில், ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கா, அந்த ஸ்பெயின் முதலில் கண்டுபிடித்ததைக் காட்டி உரிமை கேட்டது. நடுவர் மாக்ஸ் ஹூபர் தீவை நெதர்லாந்துக்குக் கொடுத்தார். கண்டது தொடக்கம் மட்டும்தான், தொடர்ந்து அமைதியாக அதிகாரம் செலுத்தியது யார் என்பதே பெரிது என்றார்.

பழைய அரசர் காலத்து ஓலை, பட்டயம் என்று நீட்டினால் அசந்துபோக வேண்டாம். மின்கியே, எக்ரஹோ பாறைத்தீவுகளுக்காக இங்கிலாந்தும் பிரான்சும் இடைக்கால உடன்படிக்கைகளைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்தன. 1953 தீர்ப்பில் நீதிமன்றம் அவற்றைவிட நேரடியான ஆதாரத்தைத்தான் பார்த்தது. எக்ரஹோவில் ஒதுங்கிய உடல்களுக்கு மரண விசாரணை நடத்தியது இங்கிலாந்தின் பக்கம் இருந்த ஜெர்சித் தீவின் அதிகாரிகள், அங்கிருந்த குடிசைகளுக்கு வரி போட்டதும் அவர்களே; பாறைத்தீவுகள் இங்கிலாந்துக்குப் போயின. பாறையில் கிடந்த ஒரு மனிதனுக்காக யார் படகு எடுத்து வந்து பெயர் எழுதினார்கள் என்பது அரச முத்திரையைவிட எனக்கும் பெரிதாகத்தான் படுகிறது.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது, எப்போது சும்மா இருந்தது என்றும் தேடுங்கள். 1953இல், இன்று மலேசியாவில் உள்ள ஜோகூர் அரசின் பதில் செயலாளர், பெட்ரா பிராங்கா என்ற தீவுக்கு நாங்கள் உரிமை கோரவில்லை என்று சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆதியில் தீவு ஜோகூர் சுல்தானுடையது என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றமே 2008இல் அதைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. அந்தக் கடிதம் அதற்குப் பெரிய காரணம். சண்டை தொடங்கிய பிறகு அவசரமாகக் கொடி நட்டது, படம் எடுத்தது எல்லாம் பெரும்பாலும் எடுபடாது.

சரி, கச்சதீவு? அங்கே வரலாற்றுக்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். 1974இல் இலங்கையும் இந்தியாவும் கையெழுத்திட்டு, எல்லைக்கோடு தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் போனது. இராமநாதபுரம் ஜமீன் கதையோ வாடிக் கதையோ அந்தக் கையெழுத்தைத் தானாக அழித்துவிடாது.

ஆனால் அப்பப்பாவின் கதை வீண் என்று நினைக்காதீர்கள். 2016இல் தென்சீனக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்று தீர்க்கவே இல்லை; ஆனாலும் பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு அங்கே பாரம்பரிய மீன்பிடி உரிமை உண்டு, சீன மீனவர்களுக்கும் உண்டு, பிலிப்பைன்ஸ் மீனவர்களைச் சீனா தடுத்தது தவறு என்றது. நிலத்துக்கான உரிமை வேறு, தொழிலுக்கான உரிமை வேறு. ஆகவே அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன வலை, கூட வந்தது யார், மீனை எங்கே காயவைத்தார்கள், யாராவது வந்து மறித்தார்களா.