ஆர்ட்டிகிள்ஷிப்: பிக் ஃபோரா, மதுரை ஆடிட்டர் ஆபீஸா?

சிஏ படிப்பின் நடுக்கட்டமான இன்டரில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டால், அடுத்தது ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஒரு ஆடிட்டரிடம் வேலைப் பயிற்சி. வீட்டில் உடனே டெலாய்ட், கேபிஎம்ஜி என்று பிக் ஃபோர், அதாவது நான்கு பெரிய ஆடிட் நிறுவனங்களைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும். சரி, பெயரை விடுங்கள், முதலில் வேலையைப் பாருங்கள். 2023 ஜூலையிலிருந்து பயிற்சி 2 வருடம்தான், நடுவில் நினைத்தபடி மாறவும் முடியாது.

பெரிய நிறுவனத்தில் ஒரு பெரிய கம்பெனி ஆடிட்டின் ஒரு மூலைதான் உங்களுக்கு வரும், ஆனால் அதை ஆழமாக, முறையான ஆவணங்களோடு செய்யப் பழகுவீர்கள். கீழமாசி வீதி மொத்த வியாபாரிக்கும் கப்பலூர் தொழிற்பேட்டை யூனிட்டுக்கும் கணக்குப் பார்க்கும் சின்ன ஆபீஸ் என்றால், மாதாமாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரி கட்டும் சுருக்கக் கணக்கு), நடுவில் வருமான வரி நோட்டீஸுக்குப் பதில், டாலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி என்று எல்லாமே உங்கள் தலையில் விழும் (அண்ணாச்சி பாதிக் கணக்கைத் துண்டுச்சீட்டில் கொண்டுவருவார், அதுவும் பாடம்தான்).

பின்னால் ஊரிலேயே தனி ப்ராக்டிஸ் என்றால் என் ஓட்டு சின்ன ஆபீஸுக்கு. கார்ப்பரேட் வேலைதான் ஆசை என்றால் தயங்காமல் சென்னைக்குக் கிளம்புங்கள், ஸ்டைபெண்டில் அறை வாடகையும் சாப்பாடும் போக என்ன மிஞ்சும் என்று எழுதிப் பார்த்துவிட்டு.

அப்புறம், எங்கே சேர்வதானாலும் அங்கே இப்போது பயிற்சியில் இருப்பவரைப் பிடித்து, இரவு எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், சிஏ ஃபைனலுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறதா என்று கேளுங்கள்.