இரவில் கூடாரத்துக்குள் தண்ணீர்: நான் சரிசெய்த விதம்

பினாங்கு தேசியப் பூங்காவில், பந்தாய் கெராச்சுட் கடற்கரை மாதிரி இடத்தில் பிள்ளைகளோடு தங்கினால் பெரிய தொல்லை பாம்பு இல்லை, ஈரம்தான். மழை கூரை வழியாக ஒழுகுவதாக நினைத்து, தண்ணீர் புகாமல் தடுக்கும் ஸ்பிரே அடித்தேன், பலனில்லை. கோளாறு கீழே. தரையில் விரித்த கேன்வாஸ் கூடாரத்தைவிட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சுவரில் வழியும் மழை அதில் விழுந்து நேரே பாய்க்கடியில் ஓடும். இப்போது நான்கு பக்கமும் கூடார விளிம்பைவிட 5 செ.மீ. உள்ளே வரும்படி, ஓரத்தைக் கீழ்ப்பக்கமாக மடித்துவிடுகிறேன்.

அடுத்தது மணல். சாதாரண ஆணி மணலில் நிற்காது. கயிறு தளர்ந்து வெளித்துணி உள்துணியோடு ஒட்டியதும் ஈரம் இறங்கும். ஒரு முழ நீளக் கட்டையின் நடுவில் கயிற்றைக் கட்டி, 30 செ.மீ. ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மிதித்துவிடுங்கள். அசையாது.

மழைக்குப் பயந்து ஜன்னலை அடைத்தால் மூச்சுக்காற்றே விடிவதற்குள் சுவரில் நீராகக் கோக்கும். மேல் ஜன்னல் திறந்திருக்கட்டும். பிள்ளைகளை நடுவில் படுக்கவையுங்கள். உருண்டு சுவரில் ஒட்டுவது அவர்கள்தான். இரவு உடுப்பு தனி ஜிப் பையில். பகலில் அதைத் தொடவிடாதீர்கள், எவ்வளவு அழுதாலும்.

பிஸ்கட்டைக் கூடாரத்தில் வைக்கவே வேண்டாம். குரங்கு ஜிப்பைத் தேடாது, துணியைக் கிழிக்கும். அப்புறம் மேலே சொன்ன எதுவும் உதவாது.