கராச்சிக்கு வேலைக்கு வரும் தமிழர்களுக்கு

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ கராச்சிக்கு வேலைக்கு வந்திருந்தால், முதலில் விருந்தாளியாக இருக்கப் பழகிக்கொள்ளுங்கள். அறிமுகமான சில நாளிலேயே வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஒரு தடவை சொன்னால் மரியாதைக்குச் சொல்வதாக இருக்கலாம். நாள் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்டால் நிஜமாகவே கூப்பிடுகிறார்கள், போய்விடுங்கள்.

இனிப்போ பழமோ வாங்கிக்கொண்டு போங்கள். கம்பளம் விரித்த அறை என்றால் செருப்பைக் கழற்றிவிடுங்கள். பெண்கள் தனியாக உள்ளே உட்காரும் வீடுகளும் உண்டு, எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் வீடுகளும் உண்டு. காட்டிய இடத்தில் உட்கார்ந்தால் போதும். பெண்களிடம் ஆண்கள் முதலில் கை நீட்ட வேண்டாம். நெஞ்சில் கை வைத்து சலாம் சொன்னால் சரி. தட்டு காலியானால் உடனே நிரப்பிவிடுவார்கள். நீங்கள் சொல்லும் முதல் இரண்டு 'போதும்' கணக்கில் வராது என்பதால் பாதி வயிற்றிலேயே மறுக்கத் தொடங்குவது நல்லது.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைகளில் 'படா கோஷ்த்' என்றால் மாடு, 'சோட்டா கோஷ்த்' என்றால் ஆடு. நிஹாரி என்ற கறிக்குழம்பு பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். பிரியாணியில் உருளைக்கிழங்கு கிடந்தால் முகம் சுளிக்காதீர்கள், கராச்சிக்காரர்களுக்கு அதுதான் பிரியாணி! புளிப்புக்கு நாக்கு ஏங்கினால் ஐதராபாத் காலனிக்குப் போங்கள். பிரிவினைக்குப் பின் தக்காணத்திலிருந்து வந்தவர்களின் பகுதி அது. ஊறுகாய், புளி சேர்த்த பருப்பு, பகாரா கத்தரிக்காய் என்று நமக்குப் பக்கத்துச் சமையல். ஜின்னா மருத்துவமனைக்குப் பின்னால் மதராஸி பாடா என்ற இடத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ் இந்துக் குடும்பங்களும் இருக்கின்றன.

இந்திப் படம் பார்த்துக் கற்ற இந்தி இங்கே நன்றாகவே செல்லும். ஆண்களை 'பாய்', பெண்களை 'பாஜி' என்று கூப்பிடலாம். டீ கொண்டுவரும் பையனிடமும் 'ஆப்' (நீங்கள்) போட்டே பேசுங்கள். உருது தேசிய மொழி என்றாலும், அதைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நாட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிந்தி, பஷ்தூன், பலூச், பஞ்சாபி என ஒவ்வொருவருக்கும் தனிப் பெருமை உண்டு. எந்த ஊர் என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். இலங்கைக்காரர்களுக்குப் பேச்சைத் தொடங்க இன்னொரு வழியும் இருக்கிறது: 1996 உலகக் கோப்பையை இலங்கை வென்றது லாகூரில்தானே.

மதத்தைப் பற்றி மட்டும் வேடிக்கையாகக்கூட விவாதிக்காதீர்கள். மத நிந்தனைச் சட்டத்தில் மரண தண்டனை வரை இருக்கிறது. ரமலான் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதையும் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது, தண்ணீர் பாட்டிலைக்கூட வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும், வேலைகளை அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கல்யாணம். மெஹந்தி (மருதாணி விழா), பராத் (மாப்பிள்ளை ஊர்வலம்), வலீமா (மாப்பிள்ளை வீட்டு விருந்து) எனப் பல நாள் நடக்கும். பரிசு வாங்க அலைய வேண்டாம், உறையில் பணம் வைத்துக் கொடுப்பதே வழக்கம். அழைப்பிதழில் இரவு 9 மணி என்றிருந்தால் பத்தரைக்குப் போனாலும் மாப்பிள்ளைக்கு முன்னால் நீங்கள் வந்திருக்கலாம். சாப்பாடு நள்ளிரவை ஒட்டித்தான் திறக்கும், வீட்டில் ஏதாவது கொறித்துவிட்டுக் கிளம்புங்கள்.