பிள்ளைக்கு 18 ஆனதும் ஜீவனாம்சம் நின்றுவிடுமா? இரு தரப்பும் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 17 தாண்டியிருக்கும். கல்லூரியில் முதல் வருட ஃபீஸ் கட்டிய கையோடு 18 வந்துவிடும். செலவு கூடுகிற அதே நேரத்தில்தான் அப்பா பணத்தை நிறுத்தப் பார்ப்பார். ஓய்ந்திருந்த ஜீவனாம்ச வழக்குகள் மறுபடி கிளம்புவதும் அப்போதுதான்.

இதில் அப்பாக்கள் செய்யும் முதல் தவறு, உத்தரவு நகலைப் படிக்காமல் பிறந்தநாளை மட்டும் பார்ப்பது. இப்போது 18-ஐ எட்டும் பிள்ளைகளுக்கான எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) உத்தரவுகள் பெரும்பாலும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆம் பிரிவில் வந்தவை (2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் இருப்பது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 144-ஆம் பிரிவு). "மனைவிக்கு 8,000, மகனுக்கு 7,000" என்று பிரித்து எழுதியிருந்தால், மகனுடைய 7,000 அவன் மேஜர் ஆவதோடு நிற்கும்; மனைவியின் 8,000 தொடரும். "இருவருக்கும் சேர்த்து மாதம் 15,000" என்று இருந்தால் பாதியைத் தானாக வெட்டக் கூடாது. தொகையை மாற்றித் தரும்படி மனுப் போட்டு (பழைய 127, இப்போது 146) உத்தரவு வாங்க வேண்டும். அதுவரை முழுத் தொகையும் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். பரஸ்பர சம்மத விவாகரத்தில் "பட்டப்படிப்பு முடியும் வரை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் 18 என்ற பேச்சே எடுபடாது.

பழைய பாக்கியும் 18-இல் அழிந்துவிடாது. ஆனால் அம்மாக்கள் கோட்டை விடுவது இங்கேதான். வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட்டிருக்க வேண்டும். மாதம் 7,000 மூன்று வருடமாக வரவில்லை என்றால் பாக்கி 2,52,000. இன்றுதான் முதல் மனு என்றால் இந்த வழியில் கைக்கு வரக்கூடியது கடைசி 12 மாதத்துக்கான 84,000 மட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது நிலுவை மனு போட்டு வையுங்கள். எதிர்த்தரப்பிலும் ஒரு தப்புக் கணக்கு உண்டு: "ஒரு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்தது." சிறை என்பது பணத்தை வரவழைக்கும் வழிதான், உள்ளே இருந்ததால் பாக்கி தீராது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது.

மகள் விஷயம் வேறு. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956, பிரிவு 20(3)-இன்படி, திருமணமாகாத மகள் தன் வருமானத்திலோ சொத்திலோ பிழைக்க முடியாத நிலையில் இருந்தால், மேஜரான பிறகும் தகப்பனிடம் கேட்கலாம். 2020-இல் அபிலாஷா எதிர் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே தீர்ப்பில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று இருக்கிறது. இந்தக் கோரிக்கையை மாஜிஸ்திரேட் முன் 125-இல் வைக்க முடியாது. குடும்ப நல நீதிமன்றத்தில், அது இல்லாத ஊரில் உரிமையியல் நீதிமன்றத்தில், பிரிவு 20-ஐக் குறிப்பிட்டுப் போட வேண்டும். "மகள் படிக்கிறாள்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. கல்லூரிச் சான்று, ஃபீஸ் ரசீது, ஹாஸ்டல் பில், அவளுடைய வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் சேர்த்து, வருமானம் இல்லை என்று மனுவிலேயே சொல்லி நிரூபிக்க வேண்டும். இஸ்லாமியப் பெற்றோரின் மகளுக்கும் திருமணம் வரை உரிமை உண்டு என்று 1997-இல் தீர்ப்பு இருக்கிறது.

மகனுக்கு இந்த வசதி இல்லை. 1956 சட்டம் அவனை மைனராக இருக்கும் வரைதான் பார்க்கிறது. உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க இயலாதவன் என்றால் மட்டும் 18-க்குப் பிறகும் 144-இல் (பழைய 125) இடமுண்டு. மருத்துவச் சான்றை 18 ஆவதற்கு முன்பே தயார் செய்வது நல்லது. நன்றாக இருக்கும் மகனின் படிப்புச் செலவுக்கு, அந்தச் சுமை தாயின் தலையில் விழுகிறது என்று காட்டி அவருடைய ஜீவனாம்சத்தை உயர்த்தக் கேட்கலாம். 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்றது. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, என்றாலும் எடுத்துக் காட்டலாம்.

யார் கையெழுத்துப் போடுவது என்பதிலும் சறுக்குகிறார்கள். 18 ஆன பிறகு தாய் "கார்டியன்" என்று போட்ட மனு திரும்பிவிடும். வக்காலத்தில் பிள்ளையே கையெழுத்திட வேண்டும். வயதுக்குப் பிறப்புச் சான்றிதழை வையுங்கள். அதிலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் தேதி வேறாக இருந்தால், எதிர்த்தரப்பு கிளப்புவதற்கு முன் நீங்களே விளக்கிவிடுங்கள். பொதுவாக ஜீவனாம்சம் மனுத் தேதியிலிருந்துதான் கிடைக்கும் என்பதால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

கொடுக்கும் தரப்புக்கு இன்னொன்று. மகனுக்கு நேரே ஜிபே போட்டுவிட்டு, பைக் வாங்கிக் கொடுத்துவிட்டு அதைக் கழித்துக்கொள்ள முடியாது. உத்தரவு தாயிடம் கொடுக்கச் சொன்னால் தாயின் கணக்கில்தான், எந்த மாதத்துக்கு என்று குறிப்புடன், போட வேண்டும். கல்லூரிக்கு நேரடியாகக் கட்ட விரும்பினால் முதலில் நீதிமன்ற அனுமதி வாங்குங்கள்.